நீரில் வேலி போட யார் அனுமதி தருவது? மீன் வளர்ப்புக்கான தேசியச் சட்டம்: ஒரு விளக்கம்

கிளிநொச்சி மாவட்டத்தின் கிராஞ்சியில் 2022இல் கடற்றொழிலாளர் குடும்பங்கள், பெண்கள் முன்னால் நிற்க, கடலட்டைப் பண்ணைகளுக்கு எதிராகத் தொடர் போராட்டம் நடத்தின. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கர் பரப்பில் ஏற்றுமதிக்காகக் கடலட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் அதே ஆண்டு ஜூனில்தான். கொழும்பிலிருந்து இந்தச் செய்திகளைப் படித்தவர்களுக்கு எழுந்த கேள்வி நேரானது: இந்தப் பண்ணைகள் சட்டப்படியானவையா, இல்லையா?

நேரான பதில் கிடைக்கவில்லை. அனுமதி பெற்ற பண்ணை என்று ஒரு பக்கம் சொன்னார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் தொழில் இடத்தில் போட்ட வேலி என்று மறுபக்கம் சொன்னார்கள். இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். ஏனென்றால் பண்ணைக்காரர் எந்தக் காகிதம் வைத்திருக்க வேண்டும் என்று நம் சட்டம் சொல்கிறது. அந்த நீர் யாருடையது, அதில் எத்தனை பண்ணை போடலாம், ஏற்கெனவே அங்கே தொழில் செய்தவர் எங்கே போவார் என்ற கேள்விகளை அது ஏறக்குறைய தொடவே இல்லை. மீன் வளர்ப்புக்குத் தனித் தேசியச் சட்டம் வேண்டும் என்ற பேச்சைப் புரிந்துகொள்ள இந்த இடைவெளியிலிருந்து தொடங்க வேண்டும்.

பிடிப்பதும் வளர்ப்பதும்

சட்டத்தின் கண்ணில் மீன்பிடியையும் மீன் வளர்ப்பையும் பிரிப்பவை இரண்டு.

1. தலையீடு. குஞ்சு விடுவது, தீனி போடுவது, எதிரிகளிடமிருந்து காப்பது என்று மனிதர் உயிரினத்தின் வளர்ச்சியில் கை வைக்கிறார்.

2. உடைமை. கடலில் ஓடும் மீன் பிடிபடும் வரை யாருடையதும் அல்ல. பண்ணை மீனுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

இந்த இரண்டும் இருந்தால் அது நீருயிரின வளர்ப்பு. மீன் மட்டுமல்ல; இறால், நண்டு, கடலட்டை, சிப்பி, கடற்பாசி எல்லாம் இதில் அடங்கும். ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் கணக்குப்படி 2022இல் உலகில் வளர்த்தெடுத்த நீர்வாழ் விலங்குகள் 9 கோடியே 44 இலட்சம் தொன். மொத்த உற்பத்தியில் இது 51 சதவீதம். பிடித்ததை வளர்த்தது முந்தியது அந்த ஆண்டில்தான்.

இரண்டாவது அடையாளத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மீனுக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டால் அந்த மீன் இருக்கும் நீருக்கும் ஓர் எல்லை வந்துவிடுகிறது. பொதுவாக இருந்த நீரின் ஒரு துண்டு, பேச்சுவழக்கில் சொன்னால், 'ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்தது' போல ஆகிவிடுகிறது. மீன்பிடிச் சட்டங்கள் எந்த வலை, எந்தப் பருவம், எந்த அளவு மீன் என்றுதான் பேசும். அவை பெரும்பாலும் நீரைப் பங்குபோடுவதற்காக எழுதப்பட்டவை அல்ல.

இலங்கையில் மூன்று வகை வளர்ப்பு இருக்கிறது. குளங்களில் திலாப்பியா, கெண்டை இனங்களின் குஞ்சுகளையும் நன்னீர் இறால் குஞ்சுகளையும் விட்டு, வளர்ந்த பிறகு உள்ளூர் மீனவர் பிடிப்பது ஒன்று. இதில் வேலியே கிடையாது. நிலத்தில் தொட்டி வெட்டி உவர்நீர் இறைத்து இறால் வளர்ப்பது இரண்டாவது; புத்தளம் மாவட்டம் இதற்குப் பேர் போனது. களப்பிலோ கரைக்கடலிலோ வலைவேலி அடைத்துக் கடலட்டையும், மிதக்கும் கூடுகளில் கொடுவாவும் வளர்ப்பது மூன்றாவது. ஒவ்வொன்றும் எழுப்பும் சட்டக் கேள்வி வேறு. இன்றைய சட்டமோ மூன்றையும் ஒரே உரிமக் காகிதத்துக்குள் அடக்கப் பார்க்கிறது.

இப்போது இருக்கிற சட்டங்கள்

சட்டமே இல்லை என்று சொல்வது தவறு. சட்டங்கள் நிறைய, அவை ஒரே மேசைக்கு வருவதில்லை.

அடிப்படையானது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டம். 1940ஆம் ஆண்டின் மீன்பிடிக் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அதன் எடை முழுக்கப் பிடிப்பதில் இருக்கிறது. வளர்ப்புக்கு ஒரு சிறு பகுதிதான்: குறித்துரைத்த வளர்ப்புத் தொழிலை உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது, அரசு நிலத்தையோ நீர்ப்பரப்பையோ இதற்காகக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. மற்றதை அமைச்சர் வர்த்தமானியில் வெளியிடும் ஒழுங்குவிதிகளுக்கு விட்டுவிட்டது.

இங்கே ஒரு சொல் விளக்கம். சட்டம் என்பது நாடாளுமன்றம் வாக்களித்து நிறைவேற்றுவது. ஒழுங்குவிதி என்பது அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் அமைச்சர் போடுவது. ஒழுங்குவிதியை மாற்றுவது எளிது. அதனால் அது தருகிற பாதுகாப்பும் எளிதில் கழன்றுவிடும்.

அப்புறம், 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, அதாவது நெக்டா. அதன் வேலை இந்தத் தொழிலை வளர்ப்பது. குஞ்சு உற்பத்தி, பயிற்சி, முதலீட்டாளருக்கு வழிகாட்டல் எல்லாம் அதனுடையது. உரிம நடைமுறையிலும் அதன் கை இருக்கிறது. வளர்க்கவும் கட்டுப்படுத்தவும் ஒரே நிறுவனம் என்பது அங்கே வேலை செய்யும் அதிகாரிகளின் நேர்மை பற்றிய கேள்வி அல்ல. ஆண்டு இறுதியில் எத்தனை ஏக்கர் கூடியது என்று கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனத்திடமே, இந்த இடத்தில் இனி வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பையும் கொடுப்பது நியாயமில்லை.

இவை இரண்டைத் தவிர ஒரு பண்ணை தொட வேண்டிய கதவுகள்:

1. சுற்றாடல். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும், அதன் கீழ் 1993இல் வெளிவந்த வர்த்தமானியும். 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட வளர்ப்புத் திட்டம் என்றால் சுற்றாடல் மதிப்பீட்டு நடைமுறைக்குள் வர வேண்டும்.

2. கரையோரம். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், 2011இல் திருத்தப்பட்டது. உயர் நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், தாழ் நீர்மட்டத்திலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர் வரை கரையோர வலயம். கடலட்டைப் பண்ணைகள் பெரும்பாலும் இதற்குள்தான் வருகின்றன.

3. நிலம். அரசு நிலம் என்றால் பிரதேச செயலகம்.

4. குளம். பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். சிறு குளம் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ், விவசாய அமைப்புகளின் கையில். மீன்குஞ்சு வளர நீர் நிற்க வேண்டிய நேரத்தில் வயலுக்கு மடை திறந்தால் யார் சொல் செல்லும் என்பதை எந்தச் சட்டமும் தெளிவாகச் சொல்லவில்லை.

5. நோய், தீனி, மருந்து. விலங்கு நோய்களுக்கு 1992இலும் விலங்குத் தீனிக்கு 1986இலும் வந்த சட்டங்கள் ஆட்டையும் மாட்டையும் கோழியையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை.

இந்த அலுவலகங்களின் தலைமையகங்கள் எல்லாம் கொழும்பிலும் அதன் விளிம்பிலும் இருக்கின்றன. கடற்றொழில் அமைச்சு மாளிகாவத்தையில். நீர்ப்பரப்பை ஆய்வு செய்து அறிக்கை தரும் நாரா காக்கைத்தீவில். நெக்டா, மத்திய சுற்றாடல் அதிகார சபை இரண்டும் பத்தரமுல்லைப் பக்கம். கொழும்பில் இவை அரை மணி நேரத் தூரத்தில் இருக்கலாம். பூநகரியிலிருந்து ஒருவர் தன் தொழில் இடத்தில் வேலி விழுந்துவிட்டது என்று முறையிட வேண்டுமானால், முதலில் இவற்றில் எதனிடம் போவது என்றே தெரியாது.

சட்டத்தில் உறுதியாக எழுதாததை ஆட்சி மாறும்போது எவ்வளவு எளிதாகக் கைவிடலாம் என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக்கூடாது என்ற மத எதிர்ப்பைத் தொடர்ந்து, 1990இல் உள்நாட்டு மீன்பிடிக்கும் நன்னீர் மீன் வளர்ப்புக்கும் அரசு ஆதரவு நிறுத்தப்பட்டது. 1994இல் புதிய அரசு வந்த பிறகே அது திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் அரசின் குஞ்சு உற்பத்தி நிலையங்கள் கை மாறிப் போயின. குளத்து மீனை நம்பிய கிராமங்கள் எந்த நீதிமன்றத்திலும் எடுத்துக்காட்ட முடியாத இழப்பு அது. அவர்களுக்கு உரிமை என்று எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

புத்தளம்: ஒவ்வொரு பண்ணையும் சரி, மொத்தம் பிழை

எந்தச் சட்ட வரைவைப் படிப்பதற்கு முன்பும் புத்தளத்தின் இறால் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இது ஒரு பண்ணையின் குற்றத்தைப் பற்றிய கதை அல்ல.

1980களில் சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளைச் சுற்றி இறால் தொட்டிகள் பெருகத் தொடங்கின. சில பெரிய கம்பனிகள், அவற்றைச் சுற்றி மிகப் பல சிறு பண்ணைகள். இந்தக் களப்புகளை டச்சுக் கால்வாய் இணைக்கிறது. அந்தக் கால்வாயிலிருந்துதான் பண்ணைகள் நீர் எடுத்தன. கழிவு நீரையும் அதிலேயே விட்டன. ஒருவர் தொட்டியிலிருந்து வெளியேறியது அடுத்தவர் தொட்டிக்குள் போனது. கரையோரக் கண்டற்காடுகளும் உவர்நிலங்களும் தொட்டிகளாயின.

1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. இது ஒரு வைரசு. மருந்து கிடையாது. தொட்டிக்குள் வந்துவிட்டால் 3 முதல் 10 நாளுக்குள் எல்லா இறாலும் செத்துப் போகலாம். நீரில் பரவும், நண்டில் தங்கும், பரிசோதிக்காத குஞ்சோடு லொறியில் ஏறி அடுத்த ஊருக்கும் போகும். நோய் கண்ட பண்ணையாளர் பயந்துபோய்த் தொட்டியை அவசரமாகத் திறந்துவிட்டால் கால்வாய் முழுக்க நோய். மாவட்டத்தின் இறால் தொழில் சரிந்தது. கைவிட்ட தொட்டிகளில் உப்பு ஊறிய மண். அதில் நெல்லும் வராது, தென்னையும் வராது.

இப்போது சட்டக் கண்ணோடு பாருங்கள். 4 ஹெக்டேயருக்கு மேல் என்றால்தான் மதிப்பீடு. 1 ஹெக்டேயர் பண்ணைக்கு அது தேவையில்லை. அப்படியானால் ஒரே கால்வாயில் 1 ஹெக்டேயர் பண்ணைகள் நூறு வந்தால்? ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சட்டத்துக்கு உட்பட்டது. மொத்தத்தை எந்த அலுவலகமும் கூட்டிப் பார்க்கவில்லை. அதற்கு மேல், உரிமமே இல்லாத பண்ணைகளும் ஏராளமாக இருந்தன.

ஒரு நீர்நிலை தன்னைக் கெடுத்துக்கொள்ளாமல் எவ்வளவு கழிவை, எத்தனை உயிரை ஏற்றுக்கொள்ள முடியும் என்ற அளவுக்குத் தாங்குதிறன் என்று பேர். அது நீர்நிலைக்குத்தான் உண்டு, பண்ணைக்கு இல்லை. நம் சட்டம் பண்ணையை அளக்கிறது. புத்தளத்தில் உடைந்ததோ நீர்நிலை. மீன் வளர்ப்புக்கான சட்டத்தின் அளவுகோல் தனிப்பண்ணையிலிருந்து நீர்நிலைக்கு மாற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதைப் பண்ணையாளர்களே அனுபவத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் அவர்களுடைய சங்கங்களும் நெக்டாவும் சேர்ந்து பயிர் நாட்காட்டி ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. களப்புப் பகுதியை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்த மாதம் குஞ்சு விடலாம் என்று முறை வைத்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் நீர் எடுத்து ஒரே நேரத்தில் கழிவு விடுவது குறைந்தது. குஞ்சுகளை விடுவதற்கு முன் நோய்ப் பரிசோதனையும் வழக்கமானது. கிராமத்துச் சங்கம் ஒன்று அண்டைப் பண்ணைகளோடு உட்கார்ந்து பேசி நீருக்கு முறை வைத்ததுதான் இதுவரை நம்மிடம் இருக்கிற மிகச் சிறந்த மீன் வளர்ப்பு ஒழுங்கு. அது பெரும்பாலும் ஒத்துழைப்பில் ஓடுகிறது. ஒத்துழைக்காதவரை நிறுத்தும் பலம் அதற்குப் போதாது.

கடலட்டை: வேலியும் பாடும்

கடலட்டையில் பிரச்சினை வேறு விதம். வெள்ளை அட்டை எனப்படும் இனத்தைத்தான் பெரும்பாலும் வளர்க்கிறார்கள். அதற்குத் தீனி போட வேண்டியதில்லை. சேற்று மணலில் இருக்கும் அழுகல் பொருளைத் தின்று வளரும். இறால் தொட்டி போலக் கழிவும் இல்லை. அதனால் சூழலுக்கு ஏற்ற தொழில் என்று சொல்வதில் நியாயம் உண்டு. பாக்கு நீரிணையின் அந்தப் பக்கம், இந்தியாவில், 2001 முதல் கடலட்டையைப் பிடிப்பதே குற்றம். இங்கே அது ஏற்றுமதிப் பொருள். வடக்கில் பல சிறு பண்ணையாளர் குடும்பங்களுக்கு இது உண்மையான வருமானம் என்பதையும் மறுக்க முடியாது.

சிக்கல் இடத்தில் இருக்கிறது. அட்டைக்கு வேண்டியது ஆழமற்ற, அலை குறைந்த, கடற்புல் இருக்கும் நீர். நண்டும் இறாலும் மீன்குஞ்சும் வளர்வது அங்கேதான். படகு வாங்க வசதியில்லாதவர்கள் சிறகுவலை கட்டுவதும், பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கித் தொழில் செய்வதும் அங்கேதான். வசதி குறைந்தவருக்குக் கிடைத்த நீரே பண்ணைக்கும் பொருத்தமான நீர் என்பதால் மோதல் தவிர்க்க முடியாததாகிறது. கிராஞ்சியில் மக்கள் சொன்னதன் சாரமும் அதுதான்.

நடைமுறையில் கடற்றொழிலாளர் சங்கத்தின் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். ஆனால் சங்க உறுப்பினர் எல்லோரும் அந்த இடத்தில் தொழில் செய்பவர் அல்லர். அந்த இடத்தில் தொழில் செய்பவர் எல்லோரும் சங்க உறுப்பினரும் அல்லர். குறிப்பாகப் பெண்களின் பெயர் பல சங்கங்களின் ஏட்டில் இருப்பதில்லை. கடிதம் இருக்கிறது என்பதற்காகச் சம்மதம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நீரில் ஏற்கெனவே இருக்கும் உரிமையைச் சட்டம் அடையாளம் காண முடியுமா? முடியும், கொழும்புக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலைத் தொழிலுக்குப் 'பாடு' முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதைச் சங்கங்கள் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். தலைமுறைகளாக வந்த இந்த வழக்கத்தை 1958இல் தனி ஒழுங்குவிதி போட்டு அரசு ஏற்றுக்கொண்டது. கரைவலைக்கும் பாடு உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மீன்பிடி முகாமைத்துவப் பகுதிகளைப் பிரகடனம் செய்து உள்ளூர்க் குழுக்கள் அமைக்க இடம் இருக்கிறது. ஆக, பாடு என்ற சொல்லும் அதற்குரிய சட்டப் பழக்கமும் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைப் பண்ணை உரிமத்தோடு இணைக்கத்தான் இதுவரை யாரும் முயலவில்லை.

பிற நாடுகள் எப்படி எழுதின

இந்தியாவின் கதை தஞ்சைக் கரையில் தொடங்குகிறது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் இறால் பண்ணைகளால் நெல் நிலமும் குடிநீரும் உப்பாகின்றன என்று உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் கடுமையான தீர்ப்பு வந்தது: கரையோர ஒழுங்குபடுத்தல் வலயத்துக்குள் பாரம்பரிய முறை தவிர்ந்த இறால் பண்ணைகள் அகற்றப்பட வேண்டும், மாசுபடுத்தியவர் இழப்பீடு தர வேண்டும். சட்டம் இல்லாத இடத்தில் நீதிமன்றம் புகுந்தால் விளைவு இப்படித்தான் ஒரே வெட்டாக இருக்கும். பிறகு நாடாளுமன்றம் 2005இல் கரையோர நீருயிரின வளர்ப்பு அதிகார சபைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சென்னையில் தலைமையகம், கட்டாயப் பதிவு, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீற்றருக்குள் புதிய பண்ணை இல்லை. ஆனால் அதே சட்டம் அதுவரை இயங்கிவந்த பண்ணைகளுக்குப் பாதுகாப்பும் கொடுத்துவிட்டது. வழக்கில் வென்றவர்கள் சட்டத்தில் பாதியை இழந்தார்கள்.

நோர்வேயில் 2005ஆம் ஆண்டு வளர்ப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் ஒரு முறை வந்தது. முழுக் கரையையும் 13 உற்பத்திப் பகுதிகளாகப் பிரித்தார்கள். பண்ணைச் சால்மன் மீனிலிருந்து பரவும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணி இயற்கையில் வாழும் சால்மனை எவ்வளவு பாதிக்கிறது என்று பகுதி வாரியாக அளந்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுக்கிறார்கள். பச்சை என்றால் அந்தப் பகுதியின் உற்பத்தி 6 சதவீதம் கூடலாம். சிவப்பு என்றால் 6 சதவீதம் குறைய வேண்டும். தன் பண்ணை சுத்தமாக இருந்தாலும் பகுதி சிவப்பு என்றால் பொதுவாகக் குறைத்துத்தான் ஆக வேண்டும். நோர்வேயின் பணமும் ஆய்வுக்கூடங்களும் நம்மிடம் இல்லை. ஆனால் நீர்நிலையை அலகாகக் கொள்வதற்குப் பணத்தை விடச் சட்டத்தில் ஒரு பிரிவுதான் முதலில் தேவை. புத்தளத்துப் பயிர் நாட்காட்டி அதே எண்ணத்தின் எளிய வடிவம்தானே.

புதிய சட்டத்தில் தேட வேண்டியவை

ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் 1995ஆம் ஆண்டு நடத்தைக் கோவையின் 9ஆம் உறுப்புரை, மீன் வளர்ப்புக்கு உரிய சட்ட, நிர்வாகக் கட்டமைப்பை ஒவ்வொரு நாடும் அமைக்க வேண்டும் என்கிறது. கட்டமைப்பு என்ற சொல்லுக்குள் எதையும் வைக்கலாம். இலங்கை வரைவு ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது இவற்றை:

1. நீர்நிலைத் திட்டம். எந்தக் களப்புக்கும் தாங்குதிறன் கணக்கும் வலய வரைபடமும் வெளியாகும் முன் அங்கே புதிய உரிமம் கொடுக்கக்கூடாது என்ற தடை பிரதான சட்டத்திலேயே இருக்க வேண்டும். ஒழுங்குவிதிக்கு விட்டால் அது வராது. 4 ஹெக்டேயர் வரம்பையும் அதே நீர்நிலையின் மொத்தப் பண்ணைப் பரப்புக்குப் பொருத்த வேண்டும்.

2. பாட்டுப் பதிவேடு, அதாவது பாடுகளின் பதிவேடு. உரிமம் கேட்கும் இடத்தில் ஏற்கெனவே யார், எந்த முறையில், எந்தப் பருவத்தில் தொழில் செய்கிறார்கள் என்பதைச் சங்க உறுப்பினர் அல்லாதவரையும் பெண்களையும் சேர்த்துப் பதிய வேண்டும். வரைபடத்தைக் கரையில் காட்டி, ஊரில் படித்துக் காட்டி, ஆட்சேபனைக்குக் கால அவகாசம் தர வேண்டும். பாட்டை இழப்பவருக்கு மாற்று இடமோ பண்ணையில் பங்கோ கிடைக்காமல் வேலி விழக்கூடாது.

3. குத்தகை. எத்தனை ஆண்டு, யாருக்கு மாற்றலாம், உள்ளூர்க்காரர் பெயரில் எடுத்து வெளியார் நடத்தலாமா, ஒருவர் எத்தனை ஏக்கர் வரை வைத்திருக்கலாம். 2000இல் எப்பாவல பொஸ்பேற்று சுரங்க வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இயற்கை வளங்களை அரசு மக்களின் சார்பில் காக்கும் பாதுகாவலர் என்ற கோட்பாட்டில் நின்றது. நீர்ப்பரப்புக் குத்தகைக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.

4. நோய். சந்தேகம் வந்தவுடன் அறிவிக்கும் கடமை, கிருமி நீக்காமல் தொட்டியைத் திறக்கத் தடை, குஞ்சுப் போக்குவரத்துக்குச் சான்றிதழ். அறிவிப்பவருக்கு நட்டஈடு இல்லையென்றால் யாரும் அறிவிக்க மாட்டார்கள்.

5. வெளியிலிருந்து வரும் இனங்கள். கொழும்பை ஒட்டிய பெல்லன்வில அத்திடிய சதுப்பு நிலத்தில் அலங்கார மீனாக வந்த கத்தி மீன் குடியேறிவிட்டது. 2025இல் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டு விரால் இனம் பெருகி, அதைப் பிடிக்கப் போட்டி நடத்த வேண்டி வந்தது. கொண்டுவந்தவர் பொறுப்பு என்ற பிரிவு இல்லாவிட்டால் செலவு குளத்து மீனவர் தலையில்தான்.

6. பிரிப்பு. வளர்க்கும் பணி நெக்டாவிடம் இருக்கட்டும். உரிமத்தை நிறுத்தும் அதிகாரமும் கண்காணிப்பும் வேறு கையில் இருக்க வேண்டும்.

யாரைக் கேட்டு எழுதுவது

1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி ஆள்புலக் கடலுக்கு, அதாவது கரையை ஒட்டிய நாட்டின் சொந்தக் கடலுக்கு, உட்பட்ட மீன்பிடி ஒருங்கிய நிரலில் இருக்கிறது. அதாவது மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான விடயம். அந்த நிரலில் உள்ள விடயத்தில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்போது மாகாண சபைகளோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 154 எ உறுப்புரை சொல்கிறது. எந்த அளவில் என்பதை நாடாளுமன்றமே தீர்மானிக்கலாம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலும் வடக்கினது 2018இலும் முடிந்தன. சபை கலைந்து கிடக்கும் நேரத்தில் இப்படியொரு சட்டமூலம் வந்தால் யாரோடு கலந்தாலோசிப்பது? ஆளுநரின் கடிதம் அந்த இடத்தை நிரப்பாது. புதிய கடற்றொழில் சட்ட வரைவு ஒன்று பேசப்பட்டபோது மீனவர் அமைப்புகள் எதிர்த்ததற்கு உள்ளடக்கத்தோடு, கேட்காமல் எழுதும் இந்த முறையும் காரணம்.

சட்டமூலம் வர்த்தமானியில் வந்து நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பிறகு, குறுகிய காலக்கெடுவுக்குள் எந்தக் குடிமகனும் உச்ச நீதிமன்றத்தில் அதைக் கேள்வி கேட்கலாம். நிறைவேறிய பிறகு முடியாது. கொழும்பில் இருப்பவர் அந்தக் காலக்கெடுவுக்குள் சட்டத்தரணியைப் பிடித்துவிடலாம். இரணைதீவில் இருப்பவருக்கு வரைவு தமிழில் கையில் வந்து சேரவே அந்த நாட்கள் போய்விடும். ஆகவே கலந்தாய்வு வர்த்தமானிக்கு முன்பே, வரைவு நிலையில், மூன்று மொழியிலும், கரையோரப் பிரதேச செயலகங்களில் நடக்க வேண்டும்.

வரைவு வந்தால் பலர் முதல் பக்கத்து நோக்கங்களைப் படிப்பார்கள். கடைசிப் பக்கத்தில் நிலைமாறு ஏற்பாடுகள் என்று ஒரு பகுதி இருக்கும். பழைய உரிமங்களும் உரிமம் இல்லாமல் இயங்கும் பண்ணைகளும் என்ன ஆகும் என்று அது சொல்லும். 'இந்தச் சட்டம் தொடங்கும் தேதியில் இயங்கிவரும் பண்ணைகள் உரிமம் பெற்றவையாகக் கருதப்படும்' என்று அங்கே ஒரு வரி இருந்தால், இந்தியாவில் 2005இல் நடந்ததே இங்கும் நடக்கும்: புத்தளத்து உரிமமற்ற தொட்டிகளும் கிராஞ்சி வேலிகளும் ஒரே நாளில் சட்டபூர்வமாகிவிடும், தாங்குதிறன் கணக்கும் பாட்டுப் பதிவேடும் இனி வருகிறவருக்கு மட்டும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு நீர்நிலைக்கும் திட்டம் வெளியானதும் அங்குள்ள பழைய பண்ணைகள் எல்லாம் குறிப்பிட்ட காலத்துக்குள் புதிதாக விண்ணப்பித்து அதே ஆட்சேபனை நடைமுறைக்குள் வர வேண்டும் என்று எழுதலாம். சிறு பண்ணையாளருக்குக் கூடுதல் அவகாசமும் கட்டண விலக்கும் கொடுக்கலாம். வரைவை அமைச்சு இன்னும் மேசையில் வைத்திருக்கும்போதே இந்த வரியைத்தான் கேட்க வேண்டும்.